உறுதி யார் பேரில்?

கல்முனைப் பக்கத்தில் கல்யாணப் பேச்சுக்கு ஆள் வந்து உட்கார்ந்தால் பெண்ணின் நிறம், படிப்பு, குணம் எல்லாம் பிறகுதான். முதலில் வருவது வீடு. கட்டி முடிந்ததா, ஓடு போட்டாயிற்றா, வளவு எத்தனை பேர்ச்சஸ், உறுதி யார் பேரில்? கடைசிக் கேள்விக்கு அங்கே பெரும்பாலும் ஒரே பதில்தான்: பெண் பேரில். நிக்காஹ் நெருங்கும்போது வாப்பாவும் உம்மாவும் நொத்தாரிசிடம் போய் வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார்.

மருதமுனையில் தொடங்கி கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இதுதான் வழக்கம். இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் இந்து ஊர்கள். அங்கும் இதே வழக்கம்தான். புகுந்த வீடு என்பது இந்தக் கரையில் ஆண்களுக்கு உரியது.

இதன் பலன் சண்டை வரும் நாளில் தெரியும். கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டியவர் கணவர். மனைவியின் அடுத்த வளவில் உம்மா இருக்கிறார், எதிரில் அக்காவான ராத்தா, பின்வேலிக்கு அப்பால் சின்னம்மாவான சாச்சி. குரல் கொஞ்சம் உயர்ந்தாலே நான்கு பேர் கடப்பைத் தாண்டி வந்துவிடுவார்கள். கணவன் இறந்தாலும் விட்டுப் போனாலும் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேல் கூரை இருக்கும். கிழக்குப் பெண்களின் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மனத்தின் வலிமையையே பேசுகிறார்கள். அந்த மனத்துக்குக் கீழே ஒரு அத்திவாரம் கிடந்ததைச் சொல்வது குறைவு. போர், கடல், வறுமை, சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றை இந்தப் பெண்கள் எதிர்கொண்ட கதையைச் சொல்ல, அந்த வீடுகளின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த முறையின் பெயர் குடி முறை. பிள்ளை தாயின் குடியைச் சேரும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் களப்பணி செய்து, 2008இல் வெளியிட்ட பெரிய நூலில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இந்தத் தாய்வழி அமைப்பை விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கும் முன்பே, 1876இல், கிறிஸ்தோபர் பிரிட்டோ மட்டக்களப்புப் பகுதியின் முக்குவர் சட்டத்தைத் தொகுத்து அச்சிட்டார். அந்தப் பழைய சட்டத்தின்படி சொத்து தாய் வழியில் இறங்கும்; அதை நிர்வகிப்பவர் பெரும்பாலும் தாய்மாமன். இன்று அந்தச் சட்டம் இல்லை. அதன் இடத்தைச் சீதன உறுதி பிடித்துக்கொண்டது.

முஸ்லிம்களிடம் இதில் ஒரு நுட்பம் உண்டு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் இறந்தபின் சொத்து இஸ்லாமிய முறையில் பங்கிடப்படும். மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. ஆனால் உயிரோடு இருக்கும்போது யாருக்கும் எதையும் அன்பளிப்பாக எழுதலாம். அந்த வாசல் வழியாகத்தான் வீடு முழுவதுமாக மகளுக்குப் போகிறது. வாப்பா மௌத்தாகும்போது பங்கு பிரிப்பதற்கு வீடு மிச்சம் இருக்காது. மார்க்கத்தையும் மீறாமல் மரபையும் விடாமல் ஊர் கண்டுபிடித்த வழி இது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கிழக்குக் கரையைப் பெண்ணரசி நாடு என்று நினைத்துவிடக் கூடாது. குடி தாய் வழியில் வந்தாலும், குடியின் பேரால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் உட்காரும் மரைக்காயர் ஆண். வீடு மனைவி பேரில் இருந்தாலும், அதை அடகு வைக்கலாமா விற்கலாமா என்பதில் ஓங்கி ஒலிப்பது பெரும்பாலும் ஆண் குரல். கஞ்சனா ருவன்புர 2006இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பே இதைத்தான் சொல்கிறது: சமூகம் தாய்வழி, நடப்பு ஆணாதிக்கம். கிழக்கின் தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் தனியாக நடத்தும் குடும்பங்களை ஆராய்ந்தவர் அவர்.

வீடு இலவசமாகவும் வருவதில்லை. “மூணு குமர் இரிக்கி” என்று மணமாகாத மகள்மாரைப் பற்றி ஒரு தகப்பன் சொன்னால் மூன்று வீடு கட்ட வேண்டும் என்று பொருள். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு அதே வளவின் மூலையில் இன்னொன்று கட்டி ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு நேரம் வரும்போது அதையும் கொடுத்துவிட்டு மறுபடி ஒதுங்குவார்கள். தங்கச்சிமாருக்கு வீடு முடியும்வரை காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, கல்யாணம் இல்லை. வீட்டுக்கு மேலே கைக்கூலி என்று மாப்பிள்ளைக்கு ரொக்கம், நகை, சில இடங்களில் மோட்டார் சைக்கிள். நெற்காணி உள்ள குடும்பம் காணியை விற்கும். கடலுக்குப் போகிறவனுக்கு விற்க என்ன இருக்கிறது?

அந்தக் குடும்பங்களிலிருந்துதான் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் புறப்பட்டார்கள். 1980கள் தொடங்கி வீட்டுப் பணிப்பெண் வேலைக்குக் கிழக்கின் முஸ்லிம் பெண்களைத் தேடி ஏஜென்சிகள் ஊர் ஊராக ஆள் வைத்தன. மகளுக்கு வீடு கட்ட உம்மா போனார். தங்கச்சிக்குக் கட்ட ராத்தா போனார். சிலர் தங்கள் சீதன வீட்டைத் தாங்களே உழைத்துக் கட்டப் போனார்கள். முதல் கொந்தறாத்தில், அதாவது முதல் ஒப்பந்தக் காலத்தில், அத்திவாரமும் சுவரும், இரண்டாவதில் கூரை, மூன்றாவதில் பூச்சு. கல்முனை ஒழுங்கைகளில் பூச்சு இல்லாமல் நிற்கும் செங்கல் சுவர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கக்கூடும்.

திரும்பி வராதவர்களும் உண்டு. றிசானா நபீக் அம்பாறைக்காரி அல்லர். வடக்கே திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பெண். 1988இல் பிறந்தவரின் வயதைக் கடவுச்சீட்டில் கூட்டி எழுதி, 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். போன சில வாரங்களில் அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டு, 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 அன்று அது நிறைவேற்றப்பட்டது. இந்தக் கரையின் எந்த ஊரிலும் அந்தப் பெயரைத் தெரியாத பெண் இருக்கமாட்டார்.

அந்த ஆண்டே அரசு விதிகளை இறுக்கியது. சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போக வயது 25 ஆகியிருக்க வேண்டும் என்றது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகக் கூடாது. குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். பொருளாதாரம் சரிந்த 2022இல் பிள்ளையின் வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. டொலர் தேவைப்பட்டபோது தாய்மையின் அளவுகோலும் குறுகிவிட்டது. பிள்ளையை விட்டு வெளிநாடு போகும் தகப்பனிடம் இந்த அறிக்கையை எவரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊரிலேயே உழைப்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். மருதமுனை என்றால் இலங்கை முழுக்கச் சாரனும் சேலையும் நினைவுக்கு வரும். நூல் சுற்றுவதிலிருந்து தறியில் உட்காருவது வரை அந்த நெசவில் பெண் கை உண்டு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த 1970களில் கொடிகட்டிப் பறந்த தொழில், 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் தள்ளாடத் தொடங்கியது. பன் வெட்டிக் காயவைத்துப் பாய் இழைப்பது, அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது, இடியப்பம் அவித்து விற்பது எல்லாம் ஏழைப் பெண்ணின் வரும்படிகள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த முஸ்லிம் படுகொலைகளுக்குப் பின் கிழக்கு முழுவதையும் அச்சம் மூடியபோது, வயலுக்குப் போன ஆண்கள் திரும்பி வருவார்களா என்ற கவலையோடு அடுப்பெரித்தவர்களும் இவர்கள்தாம். தமிழ் ஊர்களின் பெண்களும் அதே ஆண்டில், அதே கரையில், வேறு துப்பாக்கிகளிடம் கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். அந்த இரண்டு துக்கமும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் பேசாமல் இருந்தன.

பிறகு கடல் வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையில் 35,000 பேருக்கு மேல் பலியான ஆழிப்பேரலையில் மிகப் பெரிய இழப்பு அம்பாறை மாவட்டத்துக்கு. பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள். கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்கள். கடலிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் சுவரோடு சுவராக வீடுகள். அலைக்கு வழி விட ஓர் ஒழுங்கைகூட அகலமாக இல்லை.

அப்போது மாவட்டத்தின் 13 முகாம்களில், 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. 2006இல் மருத்துவ இதழொன்றில் வெளியான அதன் முடிவுகள் கசப்பானவை. ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் இறந்திருந்தார்கள். பெண்களில் 17.5 பேர். இரண்டு மடங்குக்கும் மேல். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.8. அலை வந்த நேரத்தில் வெளியில் நின்றவர்களில் 5.9 பேர் இறந்திருக்க, வீட்டுக்குள் இருந்தவர்களில் 13.8 பேர். ஞாயிறு காலையில் வீட்டுக்குள் இருப்பவர் யார்? ஆண்களில் பலர் சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் போயிருந்த வேளை. பெண் அடுப்படியில், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. ஓடுவதற்கு ஏற்ற உடுப்பில்லை. நீச்சல் பழகவும் மரம் ஏறவும் ஊர் அவளை விட்டதில்லை. பொழுதெல்லாம் அவளைக் காத்த அதே வீட்டுக்குள் அன்று அவள் அகப்பட்டுக்கொண்டாள்.

பிழைத்தவர்களுக்கு அடுத்த அலை கடதாசி வடிவில் வந்தது. நிவாரணம், நட்டஈடு, புது வீடு எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம். அதில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம். இலங்கையின் எந்தச் சட்டமும் குடும்பத் தலைவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அலுவலக வழக்கம் அப்படி. கிராம சேவையாளர் வந்து கேட்டால் கணவரின் பெயரைச் சொல்வது பெண்களுக்கும் பழக்கமாகிப் போனது. முழுதாக இடிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபாய் தவணைகளில் கிடைத்தது. பல இடங்களில் அந்தப் பணம் கணவரின் வங்கிக் கணக்குக்குப் போனது. கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்று வீட்டுக்குள் ஒதுங்கி இருக்க வேண்டும். அந்த நாட்களில் நிவாரண வரிசையில் போய் நிற்க முடியாமல் உறவுக்கார ஆண்களை நம்பியிருந்தவர்கள் உண்டு.

வீட்டுக் கதை இன்னும் சிக்கலானது. கடற்கரையிலிருந்து வடகிழக்கில் 200 மீட்டருக்குள் மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று அரசு முதலில் அறிவித்தது. கல்முனையில் அந்த 200 மீட்டருக்குள் வீடுகள் ஏராளம். பின்வாங்கிப் போக இடமும் இல்லை, பின்னால் வயல். எதிர்ப்புக்குப் பிறகு எல்லை குறைக்கப்பட்டது. மருதமுனையில் ஒரு குடியிருப்புக்கே ‘65 மீட்டர் வீட்டுத் திட்டம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம், கல்முனையில் கிரீன் ஃபீல்ட், இஸ்லாமாபாத் என்று புதுக் குடியிருப்புகள் எழுந்தன. சில அடுக்குமாடிகள். வளவு, வேலி, பின்வீட்டு உம்மா என்ற பழைய அமைப்புக்கு அடுக்குமாடியில் இடமேது? பழைய வீட்டுக்கு மனைவி பேரில் உறுதி இருந்தது. அரசு காணியில் கட்டிய புது வீட்டுக்கு ‘குடும்பத் தலைவர்’ பேரில் பத்திரம். தலைமுறை தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்கிவந்த உரிமை பல குடும்பங்களில் ஒரு கையொப்பத்தில் கை மாறிப்போயிற்று.

இதை முதலில் கண்டு குரல் கொடுத்தவர்கள் கிழக்கின் பெண்கள் அமைப்புகள். மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் அவற்றில் ஒன்று. பழைய உறுதி பெண் பேரில் இருந்தால் புதிய வீடும் அவள் பேரில், அல்லது குறைந்தது இருவர் பேரிலும் இருக்கட்டும் என்று அவர்கள் கேட்டார்கள். இது ஊருக்குத் தெரியாத புதுக் கோரிக்கையும் இல்லை. மேற்கத்தியச் சரக்கும் இல்லை. ஊரின் பழைய வழக்கத்தை அரசாங்கம் மதிக்கட்டும் என்ற கோரிக்கை. 2011இல் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, குடும்பத் தலைவர் என்ற கருத்தை நிர்வாகத்திலிருந்து நீக்கி இணை உரிமையை ஏற்கும்படி இலங்கையிடம் சொன்னது. அரச காணி உரிமையில் மகனுக்கு முன்னுரிமை தந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல்தான் திருத்தப்பட்டது. அலை அடித்துப் பதினேழு ஆண்டுகள் கடந்த பிறகு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஆழிப்பேரலை வந்தபோது நாட்டின் வீடமைப்பு அமைச்சர் ஒரு பெண். அதுவும் இந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். பேரியல் அஷ்ரப். முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகர் எம்.எச்.எம். அஷ்ரப் 2000 செப்டெம்பர் 16 அன்று அரநாயக்காவில் ஹெலிகொப்டர் விழுந்து இறந்தபோது தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இருக்கவில்லை. இத்தா இருக்க வேண்டிய மனைவி பேரியல் வேட்பாளரானார். பெண் தலைமை மார்க்கத்தில் கூடுமா என்ற வாதம் மேடைகளில் எழுந்தது. வாக்காளர்கள் வாக்குச் சீட்டில் பதில் சொன்னார்கள். திகாமடுல்ல என்னும் அம்பாறைத் தேர்தல் மாவட்டத்தில் வென்று, இலங்கையின் முதல் முஸ்லிம் பெண் அமைச்சரவை அமைச்சராகி, 2010 வரை நாடாளுமன்றத்தில் இருந்தார். கட்சி பிளந்தபின் தேசிய ஐக்கிய முன்னணியை நடத்தினார். பின்னர் சிங்கப்பூருக்கு உயர்ஸ்தானிகராகப் போனார்.

அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி உதவியில் 500 வீடுகள் எழுந்ததும் அவர் காலத்தில்தான். அவற்றை முஸ்லிம்களுக்கு மட்டும் பகிர்வதை எதிர்த்து வழக்குப் போனது. எல்லா இனத்தவருக்கும் விகிதப்படி பகிர வேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் வீடுகள் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்து பற்றை வளர்ந்தன. அந்தக் காலம் முழுக்கத் தற்காலிகக் கொட்டில்களிலும் உறவினர் வீடுகளிலும் குடித்தனம் நடத்தியவர்களின் கருத்தை எவரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. பேரியலுக்குப் பின் இந்த மாவட்டத்திலிருந்து இன்னொரு முஸ்லிம் பெண் நாடாளுமன்றம் போகவில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்த 25 வீத ஒதுக்கீடுதான் பெண்களைச் சபைகளுக்குள் கொண்டுவந்தது.

வீட்டு உறுதியில் கையொப்பமிடும் அதே பெண், தன் கல்யாணப் பதிவில் கையொப்பமிடுவதில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி மணமகளுக்காக ஒப்பமிடுபவர் வலீ, அதாவது வாப்பாவோ காக்காவோ. அவளுடைய சம்மதம் எழுத்தில் எங்கும் பதியப்படுவதில்லை. மற்ற இலங்கையருக்கு 1995 முதல் கல்யாண வயது 18. இந்தச் சட்டத்தில் குறைந்த வயது என்று ஒன்று இல்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். காதியாக இருப்பவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும். கணவன் காரணம் சொல்லாமல் தலாக் சொல்லலாம். மனைவி பஸ்ஹ் என்ற விவாகரத்தைக் கேட்டால் குற்றத்தைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அதுவும் பல ஊர்களில் தனிக் கட்டடம்கூட இல்லாத காதி நீதிமன்றத்தில், அத்தனை ஆண்கள் முன்னால், படுக்கையறைச் சங்கதிகளைச் சொல்லி. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களுக்குக் கவசமாக நிற்பதால், அடிப்படை உரிமை என்று வழக்கும் போட முடியாது.

திருத்தத்துக்குப் பல குழுக்கள் அமைந்தன. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009இல் தொடங்கி 2018 ஜனவரியில் அறிக்கை தந்தது. ஒன்பது வருடம் பேசியும் இரண்டாகப் பிரிந்து இரு பரிந்துரைகள். ஹ்யஷ்யாமா ஹமீனும் ஹஸனா சேகு இஸதீனும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, காதி நீதிமன்றத்தின் படியேறிய பெண்களின் அனுபவங்களைத் தொகுத்தது. காத்தான்குடியில் 2015இல் பதிவான முஸ்லிம் திருமணங்களில் நூற்றுக்கு 22 பதினெட்டு வயதுக்குக் குறைந்த பெண்களுடையவை என்ற கணக்கும் அதில்தான் வெளிவந்தது. சட்டத்தைத் தொடக் கூடாது என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. சிறுபான்மையின் சட்டத்தில் அரசு கை வைத்தால் எங்கே போய் முடியும் என்ற பயம் 2019க்குப் பிறகு வீண் பயமாக இல்லை. ஆனால் இஸ்லாம் இதற்கு இடம் தராது என்ற வாதம் மட்டும் நிற்காது. இந்தோனேசியாவில் மார்க்க நீதிமன்றங்களில் பெண் நீதிபதிகள் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். பலஸ்தீனத்தில் 2009இலும் மலேசியாவில் 2010இலும் பெண்கள் ஷரீஆ நீதிபதிகளாக நியமிக்கப்பட்டார்கள்.

2019 என்று சொன்னேன். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குச் சில நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, குண்டுதாரிகளின் குடும்பத்தினர் ஒளிந்திருந்த சாய்ந்தமருது வீடொன்றில் துப்பாக்கிச் சண்டையும் வெடிப்பும் நடந்தன. இறந்தவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. சந்தேகத்துக்கிடமான ஆட்கள் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று தகவல் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. மூன்றாம் நாள் முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தது. தடை முகத்துக்கு மட்டும்தான் இருந்தது. ஆனால் நாட்டின் பல பாகங்களில் தலையை மூடிய பெண்களும் வைத்தியசாலையிலும் அலுவலகத்திலும் பஸ்ஸிலும் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். வீட்டுக்குள் ஆண் சொல்வதையும் வீதியில் அரசு சொல்வதையும் ஒரே உடையின் மேல் சுமந்தவள் அவள்தான்.

இத்தனைக்கும் நடுவில் அமைதியாக ஒன்று மாறிவிட்டது. கல்வி. கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரைத் தாங்கிய கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி பெண் பிள்ளைகளை உயர்தரம்வரை கொண்டுபோனது. ஆனால் பேராதனைக்கோ கொழும்புக்கோ குமர்ப் பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்கிய வீடுகள் ஏராளம். 1995இல் ஒலுவிலில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் தயக்கத்துக்குக் காரணம் குறைந்தது. பஸ்ஸில் போய் மாலையில் திரும்பும் தூரம். அதன் வேந்தராகவும் ஒரு முஸ்லிம் பெண் இருந்தார்: கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஜெஸீமா இஸ்மாயில். இன்று இந்தக் கரையோரப் பள்ளிக்கூடங்களிலும் பிரதேச செயலகங்களிலும் வைத்தியசாலைகளிலும் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியை தன் சீதன வீட்டுக்கான வங்கிக் கடனைத் தானே கட்டுவது இப்போது அதிசயமில்லை. சம்பளம் அவளுடையது, கடன் அவளுடையது. பேச்சு முடிக்கப் போகிறவர் இன்னும் வாப்பாதான்.

எழுத்திலும் இந்தக் கரைக்கு ஓர் அழுத்தமான பெண் குரல் உண்டு. சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார். ‘ஓவியம் வரையாத தூரிகை’, ‘எனக்குக் கவிதை முகம்’, ‘பெருங்கடல் போடுகிறேன்’ என்ற தொகுப்புகளின் வழியே தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் படிக்கப்படுபவர். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளையும் தொகுத்திருக்கிறார். அந்தக் கவிகள் வயலிலும் வாசலிலும் படிப்பறியாத பெண்கள் கட்டிப் பாடியவை. மச்சானைக் கேலி செய்யும், ஏமாற்றியவனைக் கிழிக்கும், ஆசையை மறைக்காது. இன்றைய பெண் எதையாவது துணிந்து எழுதிவிட்டால் நமது பண்பாட்டில் இப்படி உண்டா என்று கேட்பவர்கள், தங்கள் சொந்த மூத்தம்மாமார் பாடியதை ஒருமுறை கேட்பது நல்லது.

இப்போது ஊர்களில் நடக்கும் புது விவாதம் வீட்டையே மையமாகக் கொண்டது. சீதனம் மார்க்கத்துக்கு முரண், மணக்கொடையான மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண், பெண் வீட்டாரிடம் வாங்குவது ஹராம் என்று சீர்திருத்தம் பேசும் மௌலவிமார் குத்பாவிலும் துண்டுப்பிரசுரங்களிலும் சொல்கிறார்கள். கைக்கூலியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. குமர்களுக்காக வாப்பாமார் கடன்பட்டதும், ராத்தாமார் குவைத் அடுப்படியில் வெந்ததும் போதும். ஆனால் அதே மூச்சில் சீதன வீட்டையும் ஒழித்துவிட்டு, பெண் கணவன் கட்டும் வீட்டுக்குப் போகட்டும் என்றால் என்ன ஆகும்? தலாக் சொல்வது இவ்வளவு எளிதாகவும், பராமரிப்புப் பணம் வாங்குவது இவ்வளவு கடினமாகவும் இருக்கும் சட்டத்தின் கீழ் அவள் கையில் மிச்சம் இருப்பது அந்த ஓர் உறுதிதான். வீட்டுச் செலவில் மாப்பிள்ளை வீடும் பாதி ஏற்கட்டும், மஹரையே வீடாகக் கொடுக்கட்டும், எழுதுவது மட்டும் பெண் பேரில் இருக்கட்டும் என்று யோசிக்க மார்க்கத்திலும் இடம் உண்டு, ஊர் வழக்கத்திலும் இடம் உண்டு. அதைச் சொல்லாமல் சீதன ஒழிப்பை மட்டும் பேசிவிட்டு எழும்பும் கூட்டங்களில், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உம்மாமார் கேட்கிற கேள்விக்கு இன்னும் எவரும் பதில் சொல்லவில்லை: “அப்ப எங்கட புள்ள ஆர்ர ஊட்ட போய் இரிக்கிற?”